முப்பதடி தூரத்துக்கு ஒரு பதக்கம்

(பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளி ஆசிரியர்களும் கூத்துக் கலைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கூத்து வாத்தியார்களே, முதலில் நீங்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். இன்று நான் பேசப்போவது உங்கள் நெஞ்சின் மேல் இருக்கும் பொருளைப் பற்றி.

வேடத்துக்கு அணியும் பதக்க மாலையைக் கையால் செய்வது எப்படி என்று பேசும்படி ஆசிரியர்கள் கேட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கர்ணனும் கிருஷ்ணனும் கட்டபொம்மனும் வகுப்புக்கு ஒருவராவது முளைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நகை வேண்டும். உடனே சேலத்துக்கு ஆள் போகிறது, நகை 'செட்டு' வாடகைக்கு வருகிறது. பிளாஸ்டிக் அச்சில் வார்த்து, தங்க நிறம் தெளித்து, சிவப்புக் கல் ஒட்டிய மாலை. கையில் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதே மாலையைப் பையனுக்குப் போட்டு மேடையில் ஏற்றிவிட்டு ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கழுத்துக்குக் கீழே மஞ்சளாக ஏதோ கறை தெரியும், அவ்வளவுதான்.

இதில் பிளாஸ்டிக்கின் மேல் பழி போட ஒன்றுமில்லை. அசல் தங்கத்தில் செய்த பதக்கம் போட்டாலும் இதே கதிதான். நகைத் தொழிலாளி ஒரு முழ தூரத்தில் பார்க்கும் கண்ணுக்காகச் செய்கிறார். வேடப் பதக்கம் முப்பதடிக்கு அப்பால், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் நிமிர்ந்து பார்க்கும் கண்ணுக்காகச் செய்யப்படுவது. இரண்டும் பெயரால்தான் ஒன்று. வேலை வேறு, கணக்கு வேறு.

நடனத்துக்கென்று நகை என்பது நமக்குப் பழைய விஷயம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகள் கால்விரலில் தொடங்கித் தலைவரை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இன்றைய பரதநாட்டிய மேடையில் நாம் பார்க்கும் கெம்புக்கல் அட்டிகையும் பதக்கமும் நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் செய்யப்படுபவை. வெள்ளித் தகட்டில் கல் பதித்து, மேலே தங்கம் ஏற்றும் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அழகான வேலை. ஆனால் அது கோயில் நகை மரபிலிருந்து மேடைக்கு வந்தது. கருவறைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் கண்ணின் கணக்கு அதில் இன்னும் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்டத்துக்கு அது போதாது. திரௌபதி அம்மன் கோயில் முன் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, மண் தரையில், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்க ஆடும் ஆட்டத்துக்கு வேறு பதக்கம் வேண்டியிருந்தது. அதை நம்மவர்கள் மரத்தில் செய்தார்கள்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை என்று இங்கே இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும். மார்ப்பதக்கம் என்பவர்களும் உண்டு, புஜகீர்த்தி என்பவர்களும் உண்டு. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் இந்தக் கலையைக் கட்டைக்கூத்து என்று சொல்ல வேண்டும் என்பவர்கள் 1990-ல் காஞ்சிபுரத்தில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பெருங்கட்டூர் இராஜகோபாலும், கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயினும் அதை நடத்தினார்கள். 2002 முதல் புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. அதில் இறங்கினால் விடிந்துவிடும். ஒரு கலைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த மரத்துண்டு முக்கியம் என்பது மட்டும் நமக்குப் போதும்.

எந்த மரம்? கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்கிறோம். சளிக்கு அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவார்கள், அந்த மரம்தான். நம் ஊர்ப் பக்கம் வேலியில் நிற்கும். வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பாக நிற்கும். வாணியாறு இறங்கி வருகிற சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் கொடுப்பதும் இந்த இனத்து மரங்கள்தான். போத்து வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும். விறகுக்கு ஆகாது, நிலைக்கு ஆகாது, கட்டிலுக்கு ஆகாது. தச்சர் திரும்பிப் பார்க்காத மரம். அப்படியானால் கூத்துக்காரர் ஏன் அதைத் தேடிப்போனார்?

எடைதான் முதல் காரணம். தேக்கின் எடையில் பாதிகூட இருக்காது. மேல்வேடம் கட்டுகிறவர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்புக்கட்டை, காலில் சலங்கை, இடுப்பில் புடைத்து நிற்கும் பாவாடை என்று சுமந்துகொண்டு, தம் கட்டிப் பாடிக்கொண்டே கிறுகிறுவென்று சுற்ற வேண்டும். நெஞ்சின் மேல் கனமான பலகை இருந்தால் மூச்சு எங்கிருந்து எடுப்பது? மார்புக்கட்டை கனத்தால் பாட்டு சுருதி இறங்கிவிடும் என்று சொல்லாத கூத்துக்காரர் இல்லை. இரண்டாவது காரணம் அதன் மென்மை. சாதாரண உளியும் பேனாக்கத்தியும் போதும். இதற்கென்று தனி ஆசாரி தேவையில்லை. பல ஜமாக்களில் ஆடுகிறவர்களே தங்கள் கட்டையைச் செய்துகொண்டார்கள். பகலில் ஏர் பிடித்த கை, மாலையில் உளி பிடித்து, இரவில் அரிதாரம் பூசியது.

வேலையின் முறையைச் சொல்கிறேன். வாத்தியார்கள் திருத்தலாம்.

மரத்தை வெட்டிய உடனே செதுக்கக் கூடாது, காய்ந்து இறுகும்வரை விடவும் கூடாது. வெயிலில் போட்டால் பிளக்கும். ஈரத்தில் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும், துளைக்கும் வண்டு வரும். நிழலில், காற்றோட்டமாக அடுக்கி வைத்துப் பாதி காய்ந்த பதத்தில் பலகையாக அறுக்க வேண்டும். மென்மையான மரத்துக்கு மொட்டை உளி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. தேக்கில் மொட்டை உளி நகராது, அவ்வளவுதான். கல்யாண முருங்கையில் மொட்டை உளி பட்டால் நார் வெட்டுப்படாமல் நசுங்கிப் பஞ்சாகிவிடும். அந்த இடத்தை எந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் வழவழப்பு வராது. ஆகவே மரம் எவ்வளவு மென்மையோ அவ்வளவு கூர்மை உளிக்கு வேண்டும்.

உருவத்தைத் தாளில் எடுப்பது எளிது. தாளை நடுவில் மடித்து, பாதிப் பதக்கத்தை மட்டும் வரைந்து கத்தரித்தால் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும். அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். மேல் விளிம்பு கழுத்தெலும்பின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் கையைத் தூக்கி அம்பு விடும்போது தாடையில் இடிக்கும். கீழ்முனை வயிற்றைத் தொடக் கூடாது. தொட்டால் குனிந்து வணங்க முடியாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே மாங்காயோ, தாமரையோ, இரண்டு கிளியோ, யாளி முகமோ, எது வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் கோடு பெரிதாக வர வேண்டும். நுணுக்கம் வேண்டாம். மயிலின் தோகையில் ஒவ்வொரு கண்ணாகச் செதுக்கி உயிரை விடும் சில இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பதடியில் அது மயிலா வாழைப்பழமா என்று தெரியாது. மூன்றே வளைவில் மயிலைக் காட்டத் தெரிந்தவர்தான் கட்டை செய்யத் தெரிந்தவர்.

பின்பக்கத்தை எல்லோரும் மறக்கிறார்கள். பதக்கத்தின் பின்புறத்தைச் சற்றே குடைந்து நெஞ்சின் வளைவுக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும். தட்டைப் பலகையானால் நடு எலும்பில் மட்டும் பட்டு, ஆடும்போது இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும். குடைவதால் எடையும் குறையும். குடைந்த பின் மெத்தென்ற பருத்தித் துணியை ஒட்ட வேண்டும். வியர்வையை அது குடிக்கும். துணி கெட்டால் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பலகைக்கு ஒன்றும் ஆகாது.

கட்டுவதில்தான் மாலைக்கும் மார்புக்கட்டைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. மாலை கழுத்தில் தொங்கும். தொங்குகிற எதுவும் சுற்றும்போது பறக்கும், பறந்தது திரும்பி வந்து அடிக்கும். எனவே நான்கு முனைக் கட்டு. மேல் இரண்டு நாடா கழுத்துக்குப் பின்னால், கீழ் இரண்டு நாடா விலாவைச் சுற்றி முதுகில். சங்கிலி பார்வைக்கு மட்டும், பாரம் நாடாவுக்கு. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கடையில் வாங்கிய மாலையாக இருந்தாலும் கீழே இரண்டு நாடா தைத்துவிட்டால் பிள்ளை ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டிய பரிதாபம் வராது.

இனி மினுக்கு. செதுக்கிய பலகைக்குப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, சிவப்போ பச்சையோ அடித்தளமாகக் கொடுத்து, அதன் மேல் ஜிகினாத் தாள், காக்காப்பொன், பாசிமணி, கண்ணாடிச் சில்லு. புளியங்கொட்டைப் பசை அந்தக் காலத்தில், ஃபெவிக்கால் இந்தக் காலத்தில். கண்ணாடியின் விளிம்பு வெட்டும் என்பதால் ஒவ்வொரு சில்லைச் சுற்றியும் தடித்த நூலைப் பசையில் தோய்த்து வரம்பு கட்டுவார்கள். அந்த வரம்பு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், ஆடுகிறவர் விரலையும் காப்பாற்றும்.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வளைந்த பலகையில் தட்டையான சில்லுகளை ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. கைவேலை என்பதால் இரண்டு சில்லு ஒரே கோணத்தில் அமைவதில்லை. ஆடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சில்லு வேப்பமரத்தடிக் கிழவியின் கண்ணில் மின்னும், அடுத்தது தேர்முட்டியில் ஏறி உட்கார்ந்த பையன் கண்ணில் மின்னும். எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்கும். அச்சில் வார்த்த மாலையில் கற்கள் எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் எங்கோ ஒருவருக்கு மொத்த வெளிச்சமும் போய், மற்றவர்களுக்கு ஒன்றுமே போவதில்லை. கைவேலையின் கோணல் இங்கே குறையாகாது. அதுதான் கருவி.

இந்த ஏற்பாடு தீப்பந்தத்துக்காக உருவானது. பந்தம் அசையும், ஆகவே ஆள் அசையாமல் நின்றாலும் நெஞ்சில் பொறி பறக்கும். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. அதுவும் மஞ்சள்தான், ஓரளவு பொருந்தியது. குழல்விளக்கு வந்தபோது கண்ணாடி வெளிறியது. இப்போது எல்.இ.டி. ஃபோக்கஸ் விளக்கை நேர் எதிரே கம்பத்தில் கட்டி முகத்தில் அடிக்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு வெளிச்சம் வேண்டுமாம். அந்த வெளிச்சத்தில் மார்புக்கட்டை ஒரு வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. கர்ண மோட்சத்தில் கர்ணன் நெஞ்சைத் திறந்து புண்ணியத்தைத் தாரை வார்க்கும்போது பார்க்கிறவர் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருவிழாக் குழுவினர் யாராவது இங்கே இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: விளக்கை இரண்டு பக்கமும் தள்ளி வையுங்கள். மஞ்சள் விளக்காக வையுங்கள். செலவு ஏறாது.

நம்மைச் சுற்றி இதே கணக்கைப் போட்டவர்கள் உண்டு. கேரளத்தில் கதகளிக் கோப்புகளைக் குமிழ மரத்தில் செய்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் வெள்ளிநேழி அதற்குப் பேர்போன ஊர். கர்நாடகத்து யட்சகானத்திலும் இலேசான மரத்தில் தங்கத்தாள் ஒட்டிய மார்பணியும் புஜகீர்த்தியும்தான். இலங்கையின் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பு என்று விறைத்து நிற்கும் ஆடை உண்டு. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். சுற்றிலும் பார்வையாளர் இருந்த களரி, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடையானது. அப்படி மாறும்போது உடுப்பும் அணியும் மாறத்தான் வேண்டும். நம் பள்ளி மேடையும் ஒருபக்க மேடைதான் என்பதால் இதைச் சொல்கிறேன். முதுகுப்பக்க அலங்காரத்துக்கு நேரம் செலவிட வேண்டாம்.

நடுவில் ஒரு குளவியின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள ஒரு பூச்சி. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று 2004-ல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கல்யாண முருங்கையின் தளிரிலும் காம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் கரணை கரணையாக வீங்கும், இலை சுருண்டு கொட்டும், மரம் பட்டுப்போகும். மொரீஷியஸ், தைவான், சிங்கப்பூர், ஹவாய் என்று சில ஆண்டுகளுக்குள் பரவியது. 2006 வாக்கில் கேரளத்தில் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் அதனால் பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டையும் அது விடவில்லை. நம் வேலிகளில் இந்த மரம் குறைந்ததற்குக் கம்பி வேலி ஒரு காரணம், இந்தக் குளவி இன்னொரு காரணம். கூத்தின் நலிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சினிமாவையும் தொலைக்காட்சியையும் குற்றம் சொல்வார்கள். ஒரு கொசுவைவிடச் சின்னப் பூச்சியும் கூத்தனின் நெஞ்சுப் பதக்கத்தில் கைவைத்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மரம் கிடைக்காதவர்கள் இப்போது தெர்மக்கோல், ஃபோம் ஷீட், அட்டை என்று போகிறார்கள். தவறில்லை. எடை குறைவு என்ற விதிக்கு அவை உட்பட்டவைதான். ஆனால் தெர்மக்கோல் மேல் ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள், காற்றில் கரைந்ததுபோல் குழிந்துவிடும். ஃபெவிக்கால் போன்ற தண்ணீர்ப் பசையும் தண்ணீர் வண்ணமும் மட்டுமே அதற்கு ஆகும்.

பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது காகிதக்கூழ். முறத்துக்குப் பூசுவதற்காக நம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தையும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டினார்களே, அதே கூழ். வெந்தயம் பிசினாகவும் இருக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. பசை இன்னும் வேண்டுமென்றால் நம்மிடம் இல்லாததா? சுற்றிலும் மரவள்ளிக் காடு. சேலத்து ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். அந்த மரவள்ளி மாவைக் கொதிநீரில் கிண்டினால் கண்ணாடி மாதிரி பசை வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பள்ளிக்கூடத்தில் வேண்டாம்.

ஒரு பழைய சட்டியைக் கவிழ்த்து, அதன் வயிற்றில் கூழை அரை விரல்கடை கனத்துக்கு அப்பிக் காயவிட்டால் நெஞ்சின் வளைவு தானாகக் கிடைக்கும். காய்ந்ததும் தாளில் எடுத்த உருவத்தின்படி கத்தரித்து, சணல் கயிற்றை ஒட்டிப் புடைப்புக்கோடு எழுப்பி, வண்ணம் தீட்டி, கண்ணாடி வரிசையை மட்டும் ஆசிரியர் ஒட்டித் தரலாம். நான்கு நாடா. மாலைக்கு மரமணியோ, காகிதத்தைச் சுருட்டி ஒட்டிய மணியோ. வெயில் இருந்தால் ஒரு வாரத்தில் பதக்கம் தயார். முடிந்ததும் மைதானத்தில் பிள்ளையை நிறுத்தி, முப்பதடி தள்ளி நின்று பாருங்கள். பதக்கத்தின் உருவம் என்னவென்று அங்கிருந்து வேறொரு பிள்ளை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோட்டைத் தடிமனாக்குங்கள்.

இதற்கெல்லாம் வாத்தியார்களைப் பள்ளிக்குள் அழைக்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் அமைந்தது. ஆடை அணிகலன் வாங்க இயல் இசை நாடக மன்றம் நிதியுதவி தருகிறது. இவை நல்லவை. ஆனால் நிதியைக் கொடுத்து அந்த நிதியில் பிளாஸ்டிக் செட்டு வாங்க வைப்பதைவிட, கட்டை செய்யத் தெரிந்தவருக்குப் பள்ளியில் நான்கு சனிக்கிழமை கொடுப்பது மேல் என்பது என் கட்சி. கூத்து பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள். பாரதக் கூத்துக்குத் தேதி வைத்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். ஊர் பொதுவில் கட்டைக்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டு கிரீடத்தில் உதிர்ந்த கண்ணாடி அப்படியே இருக்காது.

கடைசியாக ஒன்று. ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பள்ளிக்கூட வேலியோரம், அம்மன் கோயில் பின்புறம், உங்கள் கிணற்றுமேடு, எங்கே இடம் இருந்தாலும் கல்யாண முருங்கைப் போத்து ஒன்று நடுங்கள். கரணை விழாத, தளிர் சுருளாத மரமாகப் பார்த்துப் போத்து வெட்டுங்கள். கையளவு தடிமன், ஆள் உயரம், அடியில் சாய்வெட்டு. நட்ட பிறகு மாடு வாய் வைக்காமல் முள் கட்டுங்கள்.